'நல்லா கேக்குது' என்றார் ரேடியோ

ஆலையில் என் அண்ணனுக்கு வைத்த பெயர் ரேடியோ. வாயிலிருந்து சத்தமே வராத ரேடியோ. கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், தறிக்கூடத்தில் நின்றவர்களுக்கு இருக்காது. அந்தக் கூடத்தில் விசைத்தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது, பக்கத்தில் நிற்பவர் உங்கள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு எழுத்து விழாது. அதனால் யாரும் கத்த மாட்டோம். உதட்டை நன்றாகத் திறந்து மூடி, புருவத்தையும் கையையும் துணைக்குச் சேர்த்து, சத்தமில்லாமல் பேசுவோம். எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஆலைப் பேச்சு என்று அதற்குப் பெயர்.

அதில் அண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. இந்தச் சுவரோரம் நின்றுகொண்டு அந்தச் சுவரோரம் நிற்பவளுக்கு மேனேஜரின் டோப்பா கழன்று விழுந்த கதையைச் சொல்வார். நடுவில் நிற்கும் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். மேஸ்திரி ஓடி வந்து பார்த்தால் அண்ணன் அறுந்த நூலைப் பவ்வியமாக முடிந்துகொண்டிருப்பார். அவர் தங்கை நானும் அதே கூடத்தில்தான் இருந்தேன், அடுத்த வரிசையில். என்னைப் பிறகு துணி மடிக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் எனக்குப் பாதிக் காதாவது மிஞ்சியது. அண்ணன் ஓய்வு பெறும் நாள்வரை தறியை விட்டு நகரவில்லை, அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொரு பழக்கமும் அங்கே தொற்றிக்கொண்டது. மேஸ்திரி வந்து ஏதோ சொல்வார். அவர் எங்கள் பேச்சைக் கற்றுக்கொள்ளாதவர், மேலே இருப்பவர் எதற்குக் கற்க வேண்டும். "என்ன?" என்று இரண்டு தடவை கேட்டால் போச்சு. 'இவனுக்குக் காது அவுட்டு' என்று தறியை விட்டுத் தூக்கிக் கழிவுப் பஞ்சு கூட்டும் அறையில் போட்டுவிடுவார்கள். அங்கே போனவர்கள் மூச்சுமுட்டி இருமியே ஓய்ந்தார்கள். அதனால் எல்லாரும் ஒரு பாடம் படித்துவைத்திருந்தோம்: யார் என்ன சொன்னாலும் முதலில் தலையை ஆட்டு. கேட்கிறதா என்றால் நல்லா கேக்குது என்று சொல். அந்த ஆள் நகர்ந்ததும் பக்கத்துத் தறிக்காரரின் உதட்டைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொள். தலையாட்டித் தலையாட்டியே எங்கள் சோறு கெடாமல் காப்பாற்றிக்கொண்டோம்.

அண்ணியும் ஆலைக்காரிதான். வீட்டில் இரண்டு பேரும் பேசுவதைப் பார்க்க வேண்டும். அண்ணி அண்ணனைத் தலைமுதல் கால்வரை திட்டித் தீர்த்துக்கொண்டிருப்பாள், வீடு நிசப்தமாக இருக்கும். அவர்களுடைய ஒரே பையன் அதே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அவனும் வாயைக் கோணி எங்களைப்போல் செய்துபார்த்தான். அண்ணன் அவன் காதைத் திருகிவிட்டார். "இது ஆலைக்காரங்க பேச்சு, உனக்கு வேணாம். நீ சத்தமா பேசுற வேலைக்குப் போ" என்றார். பையன் அப்படியே படித்தான், அப்படியே சத்தமாகப் பேசும் வேலைக்குப் போனான். தொலைபேசியில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை. அண்ணனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அண்ணி இருந்தவரை அண்ணனுக்குக் காது கேட்காது என்பதே வெளியில் யாருக்கும் தெரியாது. அவள் முதலில் தோளைத் தொடுவாள், முகத்துக்கு நேராக வருவாள், பிறகுதான் பேசுவாள். விருந்தாளி வந்தால் அவர் பேசி முடித்ததை அப்படியே உதட்டில் திருப்பிப் போடுவாள். அண்ணன் சரியான பதிலைச் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொள்வார். அவள் போய்ச் சேர்ந்ததோடு அந்தக் கொடுப்பினையும் போயிற்று.

மருமகள் கெட்டவள் இல்லை, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவாள், இல்லையென்றால் செல்போனைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். பையனோ, ஒரு மீசை வளர்த்துவைத்திருக்கிறான். மேலுதடு என்று ஒன்று அவனுக்கு இருப்பதே தெரியாது. அதற்குள்ளிருந்து வரும் வார்த்தையைக் கடவுள் வந்தாலும் பார்த்துப் படிக்க முடியாது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் அண்ணன் மழை வரும் என்பார். அழைப்பு மணி அடித்தால் திறக்க மாட்டார். ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். பால் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் சீறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து மருமகள் கத்து கத்து என்று கத்தியும் அவர் திரும்பவில்லை. அன்றைக்கு அவள் பயந்த பயம் நியாயமான பயம்தான். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று பேசத் தொடங்கினார்கள்.

அப்போது நான் ஊரில் இல்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து மகள் வீட்டு மாடியில் கிடந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஆலைக்குப் பக்கத்து மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து இறங்கியது. ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளர்களுக்கு மறதி நோய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். பையன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனான். இருமல் காய்ச்சல் பரவிய சமயம், உள்ளே எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனை மட்டும் உள்ளே கூட்டிப் போனார்கள். கூட இருப்பவர்கள் பதிலை எடுத்துக்கொடுத்துவிடுவார்களாம், அதனால் அப்படி ஒரு விதி.

உள்ளே நடந்ததை அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். "சின்னப் பொண்ணுதான், பாப்பா. கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. முதல்ல எல்லாரும் காது கேக்குதான்னுதானே கேப்பாங்க. நல்லா கேக்குதுன்னு சொல்லிட்டேன்."

"அவ அதைத்தான் கேட்டாளா?"

"அதைத்தான் கேட்டா. காதைக் காட்டினாளே. அதுக்கப்புறம் என்ன கேட்டாளோ. துணி உப்பும், அடங்கும். உப்பும், அடங்கும். நான் என் பேரைச் சொன்னேன், வயசைச் சொன்னேன், ஆலைல எந்த வரிசைன்னு சொன்னேன். அவ பேசி முடிக்கிறப்பல்லாம் தலையாட்டினேன். நல்ல பொண்ணு, கடைசில கையைப் பிடிச்சு நன்றி சொன்னா."

அவள் சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், என்ன கிழமை, என்ன மாதம் என்று சொல்ல வேண்டுமாம். கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்கள், காரணமில்லாத தலையாட்டல். பாஸா, பெயிலா என்று நான் வேறு சொல்ல வேண்டுமா. பெயில். காதையே அவர்கள் விசாரிக்கவில்லை என்று நான் பழி போட முடியாது. விசாரித்தார்கள். என் அண்ணன்தான் நல்லா கேக்குது என்று அடித்துச் சொன்னார். எங்களில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

சில மாதம் கழித்து அந்த ஆராய்ச்சியின் முடிவு செய்தியில் வந்தது. மற்றவர்களைவிட ஆலைத் தொழிலாளர்களுக்கு மறதி நோய் அதிகம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அண்ணனைப் பார்க்கப் போயிருந்த என் மூக்குக்கு நேரே பையன் போனை நீட்டினான். "பாருங்க அத்தை, ஆராய்ச்சியிலயே வந்துடுச்சு. நம்ம அப்பாவுக்கு மட்டும் இல்ல. அந்த வேலை செஞ்சவங்களுக்கே வருதாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கணக்கில் உன் அப்பனும் ஒருத்தனடா, அவரை வைத்து அந்த முடிவுக்கு வந்துவிட்டு, அந்த முடிவை வைத்து அவரையே அடிக்கிறீர்களே என்றேன். எங்கள் கூடத்துக்காரர்கள் இன்னும் எத்தனை பேர் அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து துணி உப்புவதைப் பார்த்துத் தலையாட்டினார்களோ. பையன் நான் கோபத்தில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பிறகு சமையலறையைப் பூட்டினார்கள். தன் வீட்டுச் சமையலறையைப் பூட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது. அண்ணன் கத்தினார். காது கேட்காதவர் கத்தினால் எவ்வளவு கத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது, தெருவே திரும்பிப் பார்த்தது. ஆவேசம் வருகிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை போட்டதும் அண்ணன் நாற்காலியில் சரிந்து, எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தார்.

அண்ணனைக் கூட்டி வரச் சொல்லிவிட்டு, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். அண்ணன் காதைச் சோதித்தார். "ரொம்பப் போயிருக்கும்மா. நீங்க சொல்றது சரிதான்" என்றார். என் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. தன் முகக்கவசத்தை அவரே இறக்கிவிட்டு, அண்ணன் முகத்துக்கு நேராக வந்து மெதுவாகக் கேள்வி கேட்டார். ஆனால் அண்ணன் கண்ணைத் திறக்கவே பாடாய்ப் பட்டார். அன்று காலை மாத்திரை கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள், வழியில் தகராறு செய்யக்கூடாதாம். கிழமையைக் கேட்டதற்கு அண்ணன் தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்று நெஞ்சு வெடித்துச் சாகாத குறை.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "காது கேக்காம ரொம்ப வருஷம் கவனிக்காம விட்டா மறதி வர வாய்ப்பு அதிகம்னு இப்ப ஆராய்ச்சிங்கள்ல சொல்றாங்கம்மா. இவருக்கு ரெண்டுமே இருக்கலாம். முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்." முன்னாடியே என்றால் எப்போது? அவரைத் தறியில் நிறுத்தியிருந்தபோது எந்த டாக்டர் வந்து காதைப் பார்த்தார்? அதை நான் கேட்கவில்லை, அவர் மேல் குற்றமில்லை.

காதுக் கருவி வாங்கி மாட்டினார்கள். இத்தனை காலம் நிசப்தத்தில் இருந்த மனிதர் காதுக்குள் தட்டு விழும் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும் சம்மட்டி அடியாக இறங்கின. பேச்சு மட்டும் அப்போதும் தெளியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டும், யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டும். யாருக்கு அங்கே நேரம். அண்ணன் கழற்றி வீசிவிட்டார். "அதையும் பாத்தாச்சு அத்தை" என்றான் பையன். "காதுதான் பிரச்சினைன்னா இதுல சரியாகியிருக்கணும்ல?"

"காது இருக்கட்டும். நீ அந்த மீசையை எடுடா" என்றேன்.

"என்னது?"

"மீசையை மழிச்சுட்டு அவர் முன்னாடி உக்காந்து பேசு. ஒரே ஒரு தடவை. அவர் பதில் சொல்றாரா இல்லையான்னு பாரு."

"விளையாடாதீங்க அத்தை. நான் எந்த நிலைமைல இருக்கேன், நீங்க மீசையைப் பத்திப் பேசுறீங்க."

அடுத்த வாரம் அண்ணனை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினேன். மகளிடம் கேட்டதற்கு அவள் அழுதாள், மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் வீட்டு மாடி அறையில் ஒண்டிக்கொண்டிருக்கும் எனக்கு வேறு என்ன வழி. பையனும் சந்தோஷமாக ஒன்றும் விடவில்லை. அப்பா வீட்டைக் கொளுத்திக்கொண்டு அதில் எரிந்துவிடுவார் என்று நிஜமாகவே நம்பினான். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இல்லத்தில் மறுபடியும் காய்ச்சல் பரவுகிறது என்று பார்க்க வருபவர்களை உள்ளே விடவில்லை. நடுவில் கண்ணாடிச் சுவர். இந்தப் பக்கம் ஒரு தொலைபேசி, அந்தப் பக்கம் ஒரு தொலைபேசி. உள்ளே வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேர் முகத்திலும் துணி. ஒரு உதடு தெரியாத கட்டடத்தில் என் அண்ணனை உட்காரவைத்திருந்தார்கள்.

பராமரிப்புப் பெண் அவரை நாற்காலியோடு தள்ளிவந்து ரிசீவரை அவர் காதில் வைத்து அழுத்தினாள். நான் என் ரிசீவரைக் கீழே வைத்தேன். கண்ணாடியில் முகம் படும் அளவுக்குக் கிட்டே போய், சத்தமில்லாமல் கேட்டேன்: "எப்படிண்ணே இருக்க?"

அண்ணன் நிமிர்ந்தார். கண் தெளிவாக இருந்தது. உதட்டில் பதில் வந்தது. "வந்துட்டியா பாப்பா. முழங்கால் எப்படி இருக்கு?"

அவசரமாகக் கேட்டேன்: "மாத்திரை தரலையா?"

"தர்றாங்க. நாக்குக்கடியில வச்சிருந்துட்டு அப்புறம் துப்பிடுவேன். யார்கிட்டயும் சொல்லிடாத, பொடி பண்ணிக் கொடுத்துடுவாங்க." பிறகு பழைய ரேடியோவாகிப் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றி ஒரு கதை சொன்னார். நான் சிரித்தேன், அழுதேன். கடைசியில், "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார்.

நான் பையனுக்குப் போன் போட்டு, கிளம்பி வா, இப்பவே வா என்றேன். வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்லடா. இப்ப என்கிட்ட அரைமணி பேசினார். நீயே பாரு" என்று கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். அவன் ரிசீவரை எடுத்தான். "அப்பா, கேக்குதாப்பா?" என்றான்.

அண்ணன் மகன் முகத்தைப் பார்த்தார். மீசை அசைந்தது. என்னைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, முன்னால் நிற்பது படித்து உத்தியோகம் பார்க்கும் மகன். தலையை ஆட்டினார்.

"இன்னைக்கு என்ன கிழமைப்பா?"

அண்ணன் இன்னும் பலமாகத் தலையாட்டினார்.

நான் பையனை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனேன். அதே கேள்வியை உதட்டில் போட்டேன். "வெள்ளிக்கிழமை" என்றார் அண்ணன். "இவன் எதுக்கு வேலை நாள்ல வந்திருக்கான்? திட்ட மாட்டாங்களா?"

நான் அதை அப்படியே சொன்னேன். பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அத்தை, அவர் வாய் சும்மா அசையுது. சத்தமே வரல. நீங்க பாசத்துல எதையோ நினைச்சுக்கிறீங்க."

"சத்தமா சொல்லுண்ணே, அவனுக்குக் கேக்கட்டும்" என்றேன் அண்ணனிடம்.

அவர் பின்னால் நிற்கும் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்தார். "மாட்டேன். வந்த புதுசுல சத்தமாப் பேசினேன், கத்துறேன்னு ஊசி போட்டுட்டாங்க. ரெண்டு நாள் எந்திரிக்கல."

"ஊசி போட்டுருவாங்கன்னு பயப்படுறார்டா" என்றேன்.

"யாரைப் பாத்தாலும் தனக்குக் கெடுதல் பண்றாங்கன்னு தோணுமாம் அத்தை. அதுவும் இந்த நோயோட குறிதான்னு சொன்னாங்க." அவன் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு விசும்பினான். எழுதிக் காட்டச் சொல்லலாம் என்றால், அண்ணனுக்குத் தன் கையெழுத்தைத் தவிர ஒன்றும் எழுத வராது. மாத்திரையைத் துப்பும் விஷயத்தைச் சொன்னாலாவது இவன் நம்புவானா என்று வாய்வரை வந்தது. சொன்னால் இவன் அப்பாவின் நல்லதுக்கென்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவான். விழுங்கிக்கொண்டேன்.

அண்ணன் மகன் அழுவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்ன பாப்பா? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறானா? எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குன்னு சொன்னியா?"

அவரிடம் பொய் சொல்ல முடியாது, முகத்தைப் பார்த்தே படித்துவிடுவார்.

"சொல்லிட்டேண்ணே" என்றேன். "அவங்களுக்குக் காது கேக்கல."

அண்ணன் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். தறிக்கூடத்தில் சிரிப்பதுபோலவே, சத்தமில்லாமல், தோள் குலுங்க, கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தார்.

அந்தப் பெண் ரிசீவரை எடுத்துப் பையனிடம் பேசினாள். பக்கத்தில் நின்ற எனக்கும் என் பாதிக் காதில் அது விழுந்தது. "இப்படித்தான் சார், பாருங்க. காரணமே இல்லாம தானா சிரிச்சுக்கிட்டே இருப்பாரு."

பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.